தாங்குமா என்று கேட்டார்கள்

கத்தி தீட்டவும் வார் தைக்கவும் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோலை எப்படிப் பதம் பண்ணுவது, இரும்பு எந்த நிறத்துக்கு வந்ததும் தண்ணீரில் முக்குவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை உங்கள் கையே உங்களுக்குக் கற்றுக்கொடுக்கும். விரலை ஒரு தடவை வெட்டிக்கொண்ட பிறகு இன்னும் நன்றாகவே கற்றுக்கொடுக்கும். நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவன் இல்லை. எழுத்தைக் கடைப் பலகைகளைப் பார்த்துப் படித்துக்கொண்டேன். மற்றதையெல்லாம் சனங்கள் பேசுவதைக் கேட்டுக் கற்றேன். சந்தைக்கு அனுப்பினால் காய் வாங்க மறந்துவிட்டு நாலு சொலவடையோடு வீடு திரும்புகிற மனுசன் என்று என் வீட்டுக்காரி சொல்லுவாள். அது உண்மைதான்.

நம் தொழிலைப் பற்றியும் சனங்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். 'அறுக்கமாட்டாதவன் இடுப்புல அம்பத்தெட்டு அருவாளாம்.' எங்கள் பட்டறைக்கு வந்தவர்களில் அப்படிப்பட்டவர்கள் குறைவு. வேலைக்கு வேண்டும் என்பதற்காகக் கத்தி செய்துகொள்ள வந்தவர்களே அதிகம். மாட்டுத் தரகர், ரயில்வே ஆட்கள், கசாப்புக்காரர், பனையேறிகள். யாருக்கும் எதையும் முன்னாலேயே செய்து தொங்கவிட்டு விற்றதில்லை. ஆள் வந்து நின்ற பிறகுதான் வாருக்குத் தோலை வெட்டுவோம். கையைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் கத்திக்குப் பிடி செதுக்குவோம்.

பட்டறை சூரமங்கலத்தில், ரயிலடிக்குப் போகிற பாதையில் இருந்தது. கத்தி என் பக்கம், தோல் மேஸ்திரி பக்கம். மேஸ்திரி என்னைவிடச் சில வயது மூத்தவர். அவர் பெயரைச் சொல்லமாட்டேன். அவர் பேரன்கள் இன்றைக்கும் இதே தொழிலில் இருக்கிறார்கள், நன்றாக இருக்கட்டும். மேஸ்திரிக்கு ஒரு பழக்கம். பனையேறிக்கு வார் தைத்து முடித்ததும் அதைத் தன் இடுப்பில் கட்டிக்கொள்வார். பட்டறை உத்திரத்தில் கொக்கியை மாட்டி, வாங்க வந்தவர் கண்ணெதிரே தொங்கி ஆடிக் காட்டுவார். "ஆனையக் கட்டுனாலும் அறாதுங்க" என்பார். பார்த்தவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்லுவார்கள். மோகனூர் ஆற்றோரத்துப் பனங்காடு முழுக்க எங்கள் வார் போனது இப்படித்தான்.

பனையேறியின் வாரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லவேண்டும். மற்றவர்களுக்கு அது வேட்டி நழுவாமல் இருக்க, கத்தி உறையைத் தொங்கவிட. பனையேறிக்கு அப்படியில்லை. இடது இடுப்புப் பக்கம் வாரில் ஓர் இரும்பு வளையம் தைத்திருக்கும். உச்சிக்குப் போனதும் அவர் ஒரு துண்டு வாரை மட்டையின் அடியில் சுற்றி, அதன் கொக்கியை இந்த வளையத்தில் மாட்டிக்கொண்டு பின்னால் சாய்வார். அப்போதுதான் இரண்டு கையும் பாளையைச் சீவ ஒழியும். அவ்வளவு உயரத்தில் ஓர் ஆளின் பாரம் முழுக்க அந்த வளையத்தைப் பிடித்திருக்கும் தையலில் நிற்கும். அந்தத் தையலுக்கு மாட்டு நரம்பைத் திரித்த சரடுதான் போடுவது. ஊறவைத்து, கிழித்து, திரித்து எடுப்பதற்குள் பொழுது போய்விடும். ஆனால் ஒருமுறை தைத்துவிட்டால் தோல் இற்றாலும் இறும், நரம்பு இறாது.

அது உலகச் சண்டைக்காலம். எங்கள் பட்டறைக்கும் பட்டாளத்து பெல்ட் வேலை வந்திருந்தது. மேஸ்திரி சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் தைத்துக்கொண்டிருந்தார். நானும் என் பக்கம் தலை நிமிராமல் இருந்தேன்.

பங்குனி வெயிலில், பதநீர் இறங்குகிற நேரமாகப் பார்த்து, புதுக் கத்திகளைக் கொடுக்க இருவரும் மோகனூருக்குப் போனோம். கரியடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடுகிற அந்தக் காலத்து பஸ்ஸில் நாமக்கல் வரை. அங்கிருந்து மாட்டு வண்டி. ஆற்றோரப் பனங்காட்டில் ஒரு மரத்தடியில் சாக்கை விரித்துக் கத்திகளை வைத்தேன். முதலில் வந்தவள் பாப்பாயி. அவள் புருசன் செங்கோடன் எதிரே இருந்த மரத்தின் உச்சியில் பாளை சீவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க கத்திக்காரரே, போன வருசம் குடுத்த கத்தி, பாளையச் சீவுனா எம் மாமியா பேசறாப்பல கரகரங்குதுங்க."

"மாமியா பேச்சத் தீட்டுறதுக்குக் கல்லு இன்னும் வரலீங்க, ஆத்தா. கத்தியக் குடுங்க, தீட்டித் தாரேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடியுமுன்னே பின்னால் பானை உடைந்த சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். மரத்தடியில் பதநீர் சிதறிக் கிடந்தது. அதன் மேலேயே பாளைக்கத்தி விழுந்தது. அடுத்துக் காலில் மாட்டுகிற தளைக்கயிறு விழுந்தது. அது விழுந்தால் என்ன அர்த்தம் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மேலே பார்க்க என் கழுத்து மறுத்தது. பார்த்தேன். செங்கோடன் மட்டையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து தொங்கவில்லை. ஈரத் துணியைக் கொடியில் போட்டதுபோல, வாரில் மடங்கி, தலையும் காலும் கீழே தொங்க, ஒரு பக்கமாகச் சுழன்றுகொண்டிருந்தார். வார் இடுப்பை விட்டு மேலேறி விலாவுக்குக் கீழே இறுகியிருந்தது. கத்துவதற்குக்கூட மூச்சில்லை. கைகள் மட்டும் காற்றில் எதையோ தேடிக்கொண்டிருந்தன.

பாப்பாயி அலறவில்லை. அவள் வாய் திறந்தபடி நின்றது, சத்தம் வரவில்லை. அந்த முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. பனங்காட்டுக்குச் சொந்தக்காரர் ஓடிவந்தார். அவரை எல்லோரும் பண்ணாடி என்று கூப்பிடுவார்கள். நிதானமான மனுசன். வந்ததும் கையை உயர்த்தினார்.

"யாரும் ஏறாதீங்க! ஏறுனா மரம் ஆடும், ரெண்டு பேரும் உழுவீங்க. தேரு நிக்கிற எடத்துல நெட்டேணி இருக்குது. வண்டியக் கட்டி வெசையாப் போயி எடுத்துட்டு வாங்க. அதுக்குள்ள வைக்கலக் கொண்டாந்து மரத்தடியில கொட்டுங்க."

நல்ல யோசனைதான். பதறுகிற இடத்தில் அப்படிப் பேச ஓர் ஆள் வேண்டும். வண்டி கட்ட ஒருவர் ஓடினார், வைக்கோலுக்குச் சிலர் ஓடினார்கள். ஆனால் ஒரு கிழவர் தலையாட்டினார். "பனையேறுறவன எட்டுற மட்டுந்தான் தாங்கலாம். ஏணி எட்டாதுங்க பண்ணாடி."

"எட்டற வரைக்கும் ஏறி, மிச்சத்தக் கயித்தால பாத்துக்கலாம். அதுவரைக்கும் வாரு தாங்கும். சேலத்து வாரு. இவரு அதுல தொங்கி ஆடிக் காட்டுனவராச்சே!" பண்ணாடி எங்கள் பக்கம் திரும்பினார். "ஏனுங்க மேஸ்திரி, ஏணி வர்ற வரைக்கும் தாங்குமில்ல?"

எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. நானும் மேஸ்திரியைப் பார்த்தேன். 'இது என்ன கேள்வி' என்று அவர் சொல்லுவார் என்றுதான் நினைத்தேன். அந்தப் பதற்றத்திலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. நம் பட்டறை வார், ஓர் உசிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று. மேஸ்திரி முகத்தில் ரத்தமே இல்லை. வலது கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலை உருட்டிக்கொண்டே இருந்தது, இல்லாத நூலை முறுக்குவதுபோல.

தம்பிகளே, அந்த நேரத்தில் அவருக்கு முன்னால் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். "தாங்குமுங்க" என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு வார் அறுந்தால் விதி என்பார்கள். மரமேறுகிறவன் விழுவது புதிதா? மரத்திலிருந்து விழுந்தவனை மாடேறி மிதித்தது என்று நாலு பேர் அழுதுவிட்டுப் போவார்கள். விழுந்த ஆளின் வாரைப் பிரித்துத் தையலை யார் பார்க்கப்போகிறார்கள்?

"தாங்காதுங்க சாமி."

யாருக்கும் புரியவில்லை. எனக்கே புரியவில்லை.

"என்னது?" என்றார் பண்ணாடி.

"தாங்காதுங்க. வளையத்துத் தையலு நரம்பு இல்லீங்க. பருத்தி நூலு. பட்டாளத்து வேல நெருக்கடியில, இந்த ஒரு பருவத்துக்குன்னு மெழுகும் கரியும் பூசித் தெச்சுட்டேன். புதுசுல தாங்கும். பதநீ பட்டுப் பட்டுப் புளிச்சிருக்கும், இத்துப்போயிருக்கும். ஏணி வர்ற வரைக்கும் நிக்காதுங்க. இப்பவே ஏறோணும்."

ஒரே கூரையின் கீழே, ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து வேலை செய்தவன் நான். என் கத்தியை எடுத்து அந்த நூலின் நுனியை அவர் அறுத்திருப்பார், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பேன். கரி பூசிய பருத்தி நரம்புபோலவே இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒருவன் பாய்ந்து மேஸ்திரியின் சட்டையைப் பிடித்தான். "அடப்பாவி, உசுரு போற வேலையிலயா..." இன்னொரு கை ஓங்கியது. அப்போதுதான் பாப்பாயிக்குக் குரல் வந்தது.

"அவர அப்புறம் அடிங்க! உடுங்க அவர! அடிக்கிற கையில கயிறு கொண்டாங்க!"

அவள் கண் கூட்டத்துக்குள் ஒருவரைத் தேடிப் பிடித்தது. மாரப்பன். அவளோடு பிறந்த அண்ணன், பக்கத்துத் தோப்பில் பனையேறுகிறவர். பிள்ளை காதுகுத்துக்குத் தன்னைக் கூப்பிடவில்லை என்று தங்கை வீட்டோடு பேச்சை நிறுத்தியிருந்தவர். கூட்டத்தின் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணா! காதுகுத்துக்குக் கூப்படாதது எந் தப்புதான். அத அப்பறமா உக்காந்து பேசிக்கலாம். இப்ப ஏறு!"

மாரப்பன் முன்னால் வந்தார். தளையைக் காலில் மாட்டிக்கொண்டு, தாம்புக்கயிற்றின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு மரத்தில் கை வைத்தார். கிணற்றில் கவலை ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்த மாடுகளை அவிழ்த்துவிட்டு அந்தக் கனத்த வடத்தையும் யாரோ இழுத்து வந்தார்கள். சட்டை கிழிந்து நின்ற மேஸ்திரி மரத்தடிக்குப் போனார். யாரும் தடுக்கவில்லை. அந்தத் தையலைப் பற்றித் தெரிந்த ஆள் அங்கே அவர் ஒருவர்தான்.

"மாரப்பா, மரத்த ஆட்டாம ஏறு. வளையம் இடதுபக்கம், அக்கட்டால கை வெக்காதே. வாரப் புடிச்சு மட்டும் தூக்கீராதே, சாமி. அக்குளுக்குக் கீழ கயித்தச் சுத்து. மொதல்ல கயிறு, அப்பறந்தான் ஆளு."

மாரப்பன் உச்சிக்குப் போனதும், கீழே தாம்புக்கயிற்றில் கட்டிவிட்ட வடத்தை மேலே இழுத்தார். இரண்டு மட்டைக்கு நடுவே அதைப் போட்டு நுனியைத் தன் பக்கம் எடுத்தார். கீழே வடத்தின் மறுநுனியைக் கையில் கிடைத்தவர்கள் எல்லாம் பிடித்தார்கள். பண்ணாடியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிடித்தார், நானும் பிடித்தேன். செங்கோடனின் கைகள் தேடுவதை நிறுத்தியிருந்தன.

"மூச்சு இருக்குதா, அண்ணா?" என்று பாப்பாயி கீழேயிருந்து கேட்டாள்.

"கம்முனு இரு புள்ள. முடிச்சுப் போட உடு."

அவர் முடிச்சைப் போட்டு இழுத்தாரோ இல்லையோ, 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. அவ்வளவு தூரத்திலும் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் மேஸ்திரியின் தோள் குலுங்கியது. பிறகு தொடர்ந்தாற்போல் நாலைந்து. வளையம் வாரை விட்டுப் பிய்த்துக்கொண்டது. செங்கோடன் விழுந்தார்.

ஒரு கை நீளம் விழுந்தார். வடம் எங்கள் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு மேலே ஓடி, நின்றது. ஆற்று மணலில் எங்கள் குதிகால்கள் உழவு ஓட்டியதுபோலப் பதிந்திருந்தன. மெல்ல மெல்ல விட்டோம். வைக்கோலில் அவர் கால் பட்டதும் பாப்பாயி தாங்கிப் பிடித்துக்கொண்டாள். முகம் நாவல்பழ நிறத்தில் இருந்தது. முதுகைத் தேய்த்தார்கள், தண்ணீர் தெளித்தார்கள். கடைசியில் ஒரு பெரிய மூச்சு, பாறையிலிருந்து பிடுங்கியதுபோல வந்தது. வாந்தி எடுத்தார். கண்ணைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ற பானை ஒடஞ்சு போச்சா?"

கூட்டமே அழுதுகொண்டே சிரித்தது. ஏணிக்குப் போன வண்டி இன்னும் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

இனி அடி விழும் என்று நான் மேஸ்திரியைத் தேடினேன். ஓடியிருந்தால் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். அவர் பண்ணாடியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"சாமி, இந்தப் பருவத்துல நான் தெச்ச வாரு இன்னும் இந்த ஆத்தோரத்துல இருக்குதுங்க. அதக் கட்டுனவிக இந்நேரம் மரத்து மேல இருப்பாங்க. அடிக்கிறதுன்னா நடந்துட்டே அடிங்க. மொதல்ல அவிகளக் கீழ எறக்கோணும்."

அதற்கு மேல் யாருக்கும் கை ஓங்க மனம் வரவில்லை. அடிக்க வந்தவர்களே அவருக்கு வழிகாட்டி நடந்தார்கள். எது நரம்பு, எது நூல் என்று பார்த்ததும் சொல்ல அவரை விட்டால் ஆளில்லை. நான் கத்திகளை மரத்தடியிலேயே விட்டுவிட்டுப் பின்னால் நடந்தேன். ஒவ்வொரு மரத்தடியிலும் அவர் அண்ணாந்து பார்த்து ஒரே வார்த்தையைத்தான் கத்தினார். "நான் சேலத்து மேஸ்திரி. என்ற தையலு கெட்ட தையலு. கொக்கிய மாட்டாம எறங்குங்க!" சிலர் நம்பவில்லை. "வெய்யில்ல மூள கலங்கிப்போச்சாட்ட இருக்குது" என்று மேலேயிருந்து ஒருவர் சிரித்தார். செங்கோடன் கதையைச் சொன்ன பிறகுதான் இறங்கினார். இறங்கி, தையலை நகத்தால் கிள்ளிப் பார்த்தார். நூல் திரித்திரியாக வந்தது. வாரைக் கழற்றி மேஸ்திரியின் முகத்தில் எறிந்துவிட்டு, மணலில் உட்கார்ந்து நடுங்க ஆரம்பித்தார். காலையிலிருந்து அந்த நூலை நம்பித்தானே அவர் மேலே சாய்ந்திருந்தார்! மேஸ்திரி கீழே விழுந்த வாரை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடந்தார். கடைசி ஆள் இறங்கும்போது ஒரு பொதி சுமக்கிற மாட்டைப்போல அவர் தோள் முழுக்க வார் தொங்கியது.

உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணனுக்கு நோப்பாளம் என்பார்கள்; நோப்பாளம் என்றால் கோபம். மற்றவன் குறையைச் சொல்வதற்குத்தான் அந்தச் சொலவடை. தன் குறையைத் தானே, சட்டையைப் பிடிக்கிற கூட்டத்தின் நடுவே, நேரம் தப்பாமல் சொல்வதற்குச் சொலவடை எதையும் நான் கேட்டதில்லை. அவர் செய்தது சரி என்று நான் சொல்லவரவில்லை. நான் சொல்லவருவது வேறு. நாம் செய்த பொருள் எங்கே பலமாக இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், வாங்கியவரே சொல்லுவார். எங்கே அறும் என்பது செய்தவனுக்கு மட்டும்தான் தெரியும். அதைக் கேட்கும்போது வாயை மூடிக்கொள்ள ஆயிரம் காரணம் இருக்கும். மேலே தொங்குகிறவருக்கு ஒரு காரணமும் இருக்காது.

சேலம் வந்ததிலிருந்து மேஸ்திரி ஊசியைத் தொடவில்லை. பட்டாளத்து வேலையை வேறு பட்டறைக்கு விட்டுவிட்டார். நான் கத்தி அடித்துக்கொண்டிருப்பேன், அவர் எதிரே சும்மா உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் காலையில் செங்கோடனும் பாப்பாயியும் பட்டறை வாசலில் வந்து நின்றார்கள். மேஸ்திரி எழுந்து நின்றார்.

"வாரு தெக்கோணுங்க" என்றார் செங்கோடன்.

"என்னால ஆகாதுங்க. செவ்வாப்பேட்டையில நல்ல ஆளு இருக்காங்க, இவர ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்றேன்."

"அங்கெல்லாம் போயிட்டுத்தான் வாரேன். தாங்குமான்னு கேட்டேன். எல்லாரும் ஆனையே தாங்கும்னாங்க. வந்துட்டேன்." செங்கோடன் விலாவைத் தடவிக்கொண்டார். "நான் மேல தொங்குனப்ப, தாங்காதுன்னு சொன்ன ஆளு நீங்க ஒருத்தருதான். இனி யாரு தாங்கும்னு சொன்னாலும் எனக்கு ஏறத் தைரியம் வராது. நீங்க சொன்னா ஏறுவேன்."

"இவருக்குத்தான் அப்படி" என்றாள் பாப்பாயி. "எனக்கு உங்க மூஞ்சியப் பாத்தா இன்னும் பத்தி எரியுது. நூலப் போடறதக் கண்ணால பாக்கறதுக்குத்தான் கூட வந்தேன். தெச்சு முடிக்கிற வரைக்கும் இங்கிருந்து நகரமாட்டேன்."

மேஸ்திரி ஆணியிலிருந்து அளவுக் கயிற்றை எடுத்து, செங்கோடனின் இடுப்பைச் சுற்றிப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டார். பனையேறிக்கு அளவு இரண்டு. வெறும் வயிற்றில் ஒன்று, உண்ட பிறகு ஒன்று.

"போயி சோறு தின்னுட்டு வாங்க. இன்னொரு அளவு எடுக்கோணும்."

"எங்க போயித் திங்கறது?" என்றாள் பாப்பாயி. பட்டறைக்குப் பின்னால் இருந்த மேஸ்திரியின் வீட்டைப் பார்த்தாள். "உங்கூட்டுல அடுப்பு எரியறது இல்லீங்களா?"

நான் சம்மட்டியைக் கீழே வைத்தேன். தோல் தொடுகிறவன் வீட்டில் கை நனைக்க மோகனூர்ப் பக்கத்து ஆள் ஒருவரும் துணியாத காலம் அது. மேஸ்திரி அவளையே பார்த்தார். பிறகு அளவுக் கயிற்றைக் கையில் பிடித்தபடியே, உலை வைக்கச் சொல்ல உள்ளே ஓடினார்.